பூட்டினது பூட்டினபடியே

வகுப்பு ஆறு மணிக்கு. எழுத்தர் ஐந்து இருபதுக்கே வந்துவிட்டார். திருடப் போனாலும் நேரத்துக்குப் போக வேண்டும் என்பது அவர் கொள்கை.

மாடியறையில் பதின்மூன்று கணினிகள், ஒரு மின்விசிறி. சத்தம் கேட்குமென்று விசிறியைக்கூட அவர் போடவில்லை. சாவி கொடுத்த சைக்கிள் கடைக்காரர் கீழே ஒரு சக்கரத்தைச் சுத்தியலால் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். பாடம் நடத்தும் மேடம் ஐந்து ஐம்பத்தைந்துக்குத்தான் வருவார். நான்கு வாரம் கவனித்து, சராசரி எடுத்து, நோட்டில் குறித்து வைத்திருந்தார் எழுத்தர்.

அவருக்கு வேலை ஒரு மருத்துவமனையின் ஆவண அறையில். ஆவணங்கள் எல்லாம் கணினிக்குப் போகின்றன. அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். இந்த மாலை வகுப்பில் தேறுபவருக்கு அந்தப் பதவி. தேறாதவருக்கு ஜன்னல் இல்லாத அடித்தளக் கிடங்கு. போட்டியில் இரண்டே பேர்: எழுத்தர், அதே மருத்துவமனையின் வரவேற்பில் உட்காரும் அவருடைய மைத்துனன். இரண்டு பேரும் தேறினால் மூத்தவருக்குத்தான் பதவி.

ஆகவே மைத்துனனைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் தன்னைப் பற்றித்தான். வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற மனிதருக்குத் தேர்வென்றால் கை ஓடாது.

போன வகுப்பில் மேடம் சொல்லியிருந்தார்: "கேள்வித்தாளை உங்க ஒவ்வொருத்தர் ஃபோல்டர்லயும் போட்டு மறைச்சு வெச்சிருக்கேன். திறக்க முடியாம பூட்டியும் இருக்கேன். மூணு மாசமா நான் சொல்லிக்கொடுத்த கட்டளைகளை வெச்சே அதைத் திறந்துடலாம். அதனால யாரும் தொடாதீங்க. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் பார்க்கிறேன்."

"சாவியையும் கையில குடுத்துட்டுத் திறக்காதேன்னா எப்படி மேடம்?" என்று மைத்துனன் சிரித்தான். எழுத்தர் சிரிக்கவில்லை. திட்டம் போடுகிறவர்கள் சிரிப்பதில்லை.

இன்று புதன்கிழமைதான். கறுப்புத் திரையைத் திறந்து, மறைந்திருப்பதைக் காட்டு என்று முதல் கட்டளையை அடித்தார். 'தேர்வு' என்ற கோப்பு சமர்த்தாக வந்து நின்றது. அதன் பண்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதினார். மறைப்பு: உண்டு. படிக்க அனுமதி: இல்லை. கடைசியாக மாற்றியதும் திறந்ததும்: திங்கள், காலை 9:14.

பிறகு அனுமதியைக் கொடுத்தார். மறைப்பை எடுத்தார். திறந்தார்.

பத்துக் கேள்விகள். படித்தார். இன்னொரு தடவை படித்தார். மனப்பாடம் ஆனதா என்ற சந்தேகத்தில் மூன்றாவது தடவையும் படித்தார்.

சாதாரணத் திருடன் இந்த இடத்தில் கிளம்பியிருப்பான். எழுத்தர் அப்போதுதான் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். அனுமதியைப் பறித்தார். மறைப்பைத் திரும்பப் போட்டார். தேதிகளைத் திங்கள் 9:14க்குத் தள்ளினார். அடித்த கட்டளைகளின் பட்டியலையும் அழித்தார். நோட்டில் இருந்ததோடு ஒப்பிட்டு மூன்று முறை சரிபார்த்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்து, துண்டுதுண்டாக்கி, கழிவறையில் போட்டுத் தண்ணீரை விட்டார். கைக்குட்டையால் விசைப்பலகையைத் துடைத்தபோது தன்மீதே அவருக்கு லேசாக மரியாதை வந்தது.

படியில் மைத்துனன் எதிரே வந்தான். "என்ன மாமா, இவ்வளவு சீக்கிரம்?"

"காத்து வாங்க வந்தேன்."

"இருக்கிற ஒரு ஃபேனும் ஆஃப்ல இருக்கு. அதுலயா காத்து வாங்குனீங்க?"

எழுத்தர் தேநீர் குடிக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை. பத்துப் பதில்களும் நாக்கு நுனியில் தயாராக, எழுத்தர் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். இவருக்கு முன்னாலேயே வந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்த மேடம், எல்லோரும் வந்ததும் வெறுங்கையோடு எழுந்து நின்றார்.

"பேப்பரைத் திறக்கலாமா மேடம்?" என்றார் எழுத்தர்.

"எதுக்கு? தேர்வுதான் முடிஞ்சு போச்சே."

எல்லோரும் திரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மறைச்சு வெச்ச கோப்பைத் தேடி, பூட்டை எடுத்துத் திறக்கத் தெரியுதான்னு பார்க்கிறதுதான் தேர்வு. தொடுங்கன்னு சொன்னா நீங்க என்னைக்குத் தொட்டிருக்கீங்க? அதான் தொடாதீங்கன்னேன். இப்போ எல்லார் ஃபோல்டரையும் பார்த்துட்டேன். பன்னிரண்டு பேர் திறந்திருக்கீங்க. பன்னிரண்டு பேரும் பாஸ்." மேடம் மைத்துனனைக் காட்டினார். "இவரு திறந்ததோட விடல. 'அஞ்சாவது கேள்வி ரொம்ப அநியாயம்'னு உள்ளயே எழுதி வெச்சு, பூட்டாமலும் போயிருக்காரு."

வகுப்பே சிரித்தது. மேடம் எழுத்தரிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்களோடது மட்டும் திங்கக்கிழமை நான் பூட்டினது பூட்டினபடியே இருக்கு. உங்க நேர்மையை மதிக்கிறேன். ஆனா அதுக்கு மார்க் கிடையாது. ஃபெயில்."

எழுத்தர் நாற்காலி பின்னால் சாய எழுந்தார். "நானும் திருடினேன் மேடம்! சத்தியமா! பத்துக் கேள்வியும் வரிசையா சொல்லட்டுமா?"

"பக்கத்து சீட்டுல உங்க மைத்துனரோட கோப்புதான் ரெண்டு நாளா திறந்தே கிடந்துச்சே, யார் வேணாலும் சொல்லலாம். நீங்க செஞ்சதுக்கு ஏதாவது தடயம் இருக்கா?"

எழுத்தர் அவசரமாக நோட்டைப் புரட்டினார். புதன்கிழமை இருந்த இடத்தில், கிழித்த பக்கத்தின் ஓரம்கூட இல்லை. அதையும் அளவுகோல் வைத்துச் சுத்தமாகக் கிழித்திருந்தார்.

"ஒரு வேலைக்காக இப்படிப் பொய் சொல்லாதீங்க," என்றார் மேடம் வருத்தத்தோடு. "உட்காருங்க."

நாளைய பொறுப்பாளர் அவர் தோளில் கை வைத்து, கண் கலங்கச் சொன்னான்: "அக்கா உங்களை நல்லவர்னு சொல்றப்பல்லாம் நான் நம்பினதே இல்ல, என்னை மன்னிச்சிடுங்க மாமா."