காலி சீட்டு

“அந்த வண்டியில பாதி சீட்டு காலியாத்தான் ஓடுது. கவனிச்சியாம்மா?”

மூத்தார் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

அவளுக்கு இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

கணவரின் அண்ணன் அவர். டயர் கடைக்காரர். சிரித்தால் வரி போட்டுவிடுவார்களோ என்பதுபோல முகத்தை வைத்திருப்பார். இந்த வேன் கம்பெனியில் அவளும் அவரும் பாதிப் பாதி.

மொத்தம் நான்கு வண்டிகள். மூன்று வண்டிகள் அலுவலகங்களுக்கு ஆள் ஏற்றிப் போய் நன்றாகவே சம்பாதித்தன. நான்காவது டயாலிசிஸ் நோயாளிகளுக்கானது. வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டு, ரத்தம் சுத்திகரித்து முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். முடிந்தவர்கள் காசு கொடுப்பார்கள். முடியாதவர்களிடம் கேட்பதில்லை.

தொடங்கும்போதே அவள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தாள். வருஷக் கடைசியில் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு கேள்வி. லாபம் என்ன? அந்த வண்டியால் யார் நன்றாக இருக்கிறார்கள்? ஒன்றிலாவது தேற வேண்டும். இரண்டிலும் தேறாத வண்டியை விற்றுவிட வேண்டியதுதான்.

முதல் கேள்வி அவருடையது. இரண்டாவது அவளுடையது.

லாபத்தில் நான்காவது வண்டி என்றைக்குமே தேறியதில்லை. இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அது இத்தனை நாள் ஓடியது.

இந்த வருஷம் அதற்கும் அவளிடம் பதில் இல்லை.

தையல்காரர், கணக்கு டீச்சர், கல்லூரிப் பெண், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். “இனிமே அவங்க வீட்டுக்கு வர வேண்டாமாம்” என்று டிரைவர் ஆரம்பிக்கும்போதே, “சரி, போதும்” என்று அவள் எழுந்து போய்விடுவாள்.

அந்த வியாதிக்காரர் வீட்டில் வண்டி வேண்டாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தையல்காரரின் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டாள்.

“கவனிச்சேன் மாமா.” சொன்னது அவள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“ஏன்னு கேட்டியா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“நான் கேட்டேன். கடைக்கு வந்துட்டிருந்த ஆளு திடீர்னு நின்னுட்டா, என்ன ஏதுன்னு விசாரிக்க மாட்டோமா? நாலு வீட்டுக்கும் போனேன்.”

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

தபால்காரர் போய்விட்டார். அதைத்தான் அவர் முதலில் சொன்னார், குரலை இறக்கி. வண்டி வரும் நாளில் மட்டும் மனிதர் விடிவதற்குள் சவரம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றுவிடுவாராம். அவர் மனைவி அதைச் சொல்லிச் சொல்லி அழுதாராம்.

“மத்தவங்க?”

“தையல்காரருக்கு அவர் சம்சாரமே கிட்னி கொடுத்துட்டாங்க. பழையபடி மெஷின்ல உட்கார்ந்து தச்சுக்கிட்டிருக்காரு. நீ கொடுத்த துணி மாசக்கணக்கா அங்கேயே கிடக்குதாம், வந்து வாங்கிட்டுப் போகச் சொன்னாரு.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கல்லூரிப் பெண்ணுக்கு அவள் அப்பாவுடையது பொருந்திவிட்டது. இப்போது கல்லூரி பஸ்ஸில் இடித்துப் பிடித்து ஏறிப் போகிறாளாம். கணக்கு டீச்சர் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே வாசலைத் தாண்டினால் ஆஸ்பத்திரி.

நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனதுபோல இருந்தது. எத்தனை மாதமாக மூச்சைப் பாதியாகவே விட்டுக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மூத்தார் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

“அதுக்காகக் காலியா ஓட்டக் கூடாது. ஆஸ்பத்திரியில சொல்லிவச்சிருக்கேன், புதுசா நாலு பேர் ஏறுவாங்க. அப்புறம், அவங்களுக்கு அது முடியுற வரைக்கும் வண்டி அங்கே சும்மாதானே நிக்குது? அந்த நேரத்துல மருந்துப் பெட்டி ஏத்திட்டுப் போய்க் கடை கடையா இறக்கலாம். ஒரு கம்பெனியில பேசிட்டேன். டீசல் காசாவது தேறும்.”

“அப்போ வண்டியை விக்கப் போறதில்லையா மாமா?”

“விக்கிறதா? யாரு சொன்னா?” என்று எழுந்து வெளியே போனார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். நான்காவது வண்டி கழுவி நிறுத்தியிருந்தது. வாங்கிய நாளிலிருந்து அவர் அதில் ஏறியதே இல்லை. வருவார், டயரை ஒரு மிதி மிதித்துக் காற்றுப் பார்ப்பார், போய்விடுவார். அந்த வண்டியைக் கண்டாலே அவருக்கு ஆகாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இன்றைக்குக் கதவைத் தள்ளித் திறந்தார். செருப்பை வெளியே கழற்றி விட்டுவிட்டு உள்ளே ஏறி, ஜன்னலோர சீட்டு ஒன்றில் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே வெகுநேரம் இருந்தார்.

தம்பியின் சிறுநீரக ஆபரேஷனுக்கென்று டயர் கடையை அடகு வைத்து அவர் பணம் புரட்டியிருந்தார். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அவள் கணவரால் அந்த நாள்வரை தாங்க முடியவில்லை.

அந்தப் பணத்தில் வாங்கிய வண்டி அது.