எட்டுக் கேள்விக்குறிகள்

அக்டோபர் 16, வியாழன்.

நேற்று மாலைக் கணினி வகுப்பில் நான் சொன்னது தவறு.

ஜெபக்கனி அக்காவின் மடிக்கணினியில் நிரல் கம்பைல் ஆகவில்லை. நிரலைக் கணினி ஓட்டும்படி மாற்றித் தரும் கம்பைலர் பழையது என்றேன். புதியதை நிறுவ, பாடம் நடத்தும் ராபின் சார் கடவுச்சொல் அடித்துத் தர, அட்மின் கணக்கில் நுழைந்தேன். அங்கேயே ஓட்டிப் பார்த்தேன். பிழை போய்விட்டது.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியிருந்தேன். கம்பைலரை. நுழைந்த ஆளை.

அது எனக்குத் தோன்றவில்லை. கம்பைலர்தான் காரணம் என்று எல்லோருக்கும் சொன்னேன். மற்ற பத்துப் பேரும் புதுப்பித்தோம். ஒன்றரை மணி நேரம் போனது.

இன்று அக்கா, தமிழில் அடித்து வைத்திருந்த தன் பெயரில் நுழைந்தார்.

அதே பிழை.

மீன் பதப்படுத்தும் கம்பெனியில் பகல் வேலை முடித்து, கைகழுவிய சோப்பு வாசனையோடு வருகிறவர். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

விதி எளிது. கடல் காற்றையும் அலையையும் காட்டும் யாரும் திறந்து திருத்தக்கூடிய அந்தத் திறமூல நிரலை அவரவர் கணினியில் கம்பைல் செய்து காட்ட வேண்டும். இன்று எட்டு மணிக்குள். காட்டாதவர்களுக்குச் சான்றிதழ் இல்லை.

மணி ஆறே கால். ஒன்பது பேர் காட்டிவிட்டார்கள். நானும் காட்டிவிட்டேன்.

ராபின் சார் நிரலோடு வந்த குறிப்பைத் திறந்து காட்டினார். பயனர் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி.

"அதுலயே போட்ருக்கான்லாக்கா. யூசர் ஒன்னுன்னு புதுசா ஒன்னு போட்டுத் தாரேன். அஞ்சு நிமிசம். கையெழுத்து வாங்கிட்டுப் போங்க."

"வேண்டாம் சார்."

"பேர்ல என்னக்கா இருக்கு?"

"ரேஷன் கார்டுல எம் பேர எவனோ போட்டான். கம்பெனி அட்டைல எவனோ போட்டான். இது நானே தேடித் தேடி அடிச்சது. கம்ப்யூட்டருக்குப் புரியலன்னா அது படிக்கட்டும்."

பின் வரிசையில் சிரிப்பு.

சார் என்னைப் பார்த்தார். அக்காவை நீயாவது சம்மதிக்க வை என்பது போல.

நியாயம்தான். நேற்றுத் தவறாகச் சொன்னவள் இன்று சரியாகச் சொல்வாள் என்பதற்கு என்ன உறுதி? என் பிடிவாதத்துக்கு அக்காவின் சான்றிதழ் போகலாம்.

"எட்டு மணி வரைக்கும் பாக்குறேன் சார்" என்றேன்.

நோட்டில் கோடு போட்டேன். ஒரு முறைக்கு ஒரு மாற்றம்.

வகுப்பிலிருக்கும் லினக்ஸ் கணினியில் அக்கா பெயரில் ஒரு ஃபோல்டர். கம்பைல் ஆகிறது.

ஸ்டுடியோக்கார நெல்சனின் மேக். அதே பெயர். ஆகிறது.

அக்காவின் விண்டோஸ். அக்கா பெயர். ஆகவில்லை.

பெயரில் குற்றம் இல்லை. நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

பிழைச் செய்தியை நேற்று நான் முழுதாகப் படிக்கவே இல்லை. இன்று படித்தேன். ஃபோல்டரைக் காணவில்லை என்கிறது. அக்காவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள்.

அக்கா விரல் வைத்து எண்ணினார்.

"எட்டு இருக்கு. எம் பேருல அஞ்சு எழுத்துதானட்டி?"

ஐந்து எழுத்து. ஒரு கொம்பு. ஒரு புள்ளி. ஒரு மேல்விலங்கு. கணினி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும்.

எட்டு.

ஒன்றும் தொலையவில்லை. கணினி பெயரை முழுதாக வைத்திருக்கிறது. இடையில் யாரோதான் படிக்கத் தெரியாமல் கேள்விக்குறி போடுகிறார்கள்.

ஏழு மணிக்கு அந்த யாரோ கிடைத்தார். நிரலோடு வரும் ஒரு சின்ன உதவி நிரல். தற்காலிகக் கோப்புகளை எங்கே வைப்பது என்று விண்டோஸிடம் கேட்கிறது. பதிலில் பயனர் பெயரும் வரும். ஆனால் பழைய முறையில் கேட்கிறது. தமிழிலும் பதில் வாங்கக்கூடிய முறை பல வருடங்களாக இருக்கிறது. எழுதியவருக்கு அது தேவைப்பட்டிருக்காது.

மூன்று வரிகளை மாற்றினேன்.

அக்கா என்டர் தட்டினார். எழுத்துகள் ஓடின. நின்றன. பிழை இல்லை.

நான் கை தட்டவில்லை. லினக்ஸில் ஓட்டினேன். உடைந்தது. அந்தப் புது முறை அங்கே கிடையாது.

"அவங்க மெஷின்ல ஓடுதுல்ல, விட்ரும்மா" என்றார் சார்.

விடவில்லை. விண்டோஸில் மட்டும் இப்படிக் கேள் என்று மூன்று வரிகளுக்கும் வேலி போட்டேன். லினக்ஸ் சரி. மேக் சரி. மறுபடி அக்காவின் மடிக்கணினி. சரி.

ஏழு ஐம்பத்திரண்டு.

சார் ஒரு முறை, தானே, ஓட்டிப் பார்த்தார். பட்டியலில் கையெழுத்துப் போட்டார்.

"பொழச்சீங்கக்கா."

"நானா சார்? கம்ப்யூட்டர்தான் படிச்சிருச்சே."

பையை எடுத்துக்கொண்டிருந்தபோது ஃபைரோஸ் பானு அக்கா எழுந்தார். தையல் கடை வைத்திருப்பவர். ஆறு மாதத்தில் வகுப்பில் அவர் குரலை நான் அதிகம் கேட்டதில்லை.

"எனக்கும் மாத்தித் தாங்க சார்."

"உங்களுக்குத்தான் கையெழுத்துப் போட்டாச்சேக்கா."

"ஸ்டூடண்ட் மூணுக்குத்தான போட்டீங்க? நான் ஃபைரோஸ் பானு."

யாரும் சிரிக்கவில்லை. நெல்சன் எழுந்தார். பிறகு அந்த வரிசை முழுவதும். என் கணினியிலும் பயனர் பெயர் ஸ்டூடண்ட் ஏழுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

சார் கடிகாரத்தைப் பார்த்தார். அட்மின் கடவுச்சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டு விளக்கை அணைக்கப் போனார்.

நாளை, ஆறு மணி: பத்துப் பெயர்கள், ஒரு முறைக்கு ஒன்று. ஃபைரோஸ் பானு அக்கா முதலில். ஆய்த எழுத்தை இன்னும் சோதிக்கவில்லை.