கசக்கும் கொய்யா

அழகர்கோவில் சாலையில் இருந்த கொய்யாத் தோப்பைக் குத்தகைக்குப் பேச, மதுரைப் பழ வியாபாரி பீர் முகமது முதல்முறையாக வந்திருந்தார். ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தவர் உடனே துப்பினார்.

“என்ன தம்பி, இம்புட்டுக் கசக்குது?”

“ஈ அண்டாம இருக்க, வேப்பங்கொட்டையை இடிச்சு ஊறவச்சுத் தெளிச்சிருக்கேன் பாய். கழுவினாப் போயிரும்” என்றான் தோப்புக்காரன் ராசாங்கம்.

“மரத்துல பறிச்சுக் கடிக்கிறவன் கழுவிக்கிட்டா இருப்பான்? பி.எஸ்சி. படிச்ச பிள்ளைன்னு ஊருல சொன்னாங்க, உங்களுக்கு நான் சொல்லணுமாக்கும்! கடை மருந்தை வாங்கி அடிங்க. பூச்சியும் சாகும், பழமும் இனிக்கும்.”

“வேண்டாம் பாய்.”

“அப்ப எனக்குத் தோப்பு வேண்டாம். வேற வியாபாரியும் வர மாட்டான். அம்புட்டும் மரத்துலயே அழுகும், பாத்துக்கங்க.”

“அழுகட்டும்.”

பீர் முகமது எரிச்சலுடன் சைக்கிளைத் திருப்பினார். “ஒரு ஈயை விரட்ட இம்புட்டுப் பிடிவாதமா?”

“ஈக்காக இல்ல பாய். போன வருசம் கடை மருந்துதான் அடிச்சேன். வீட்டுல சொல்ல மறந்துட்டேன். மாசமா இருந்த எம் பொண்டாட்டி மூணு பழத்தைப் பறிச்சுத் தின்னுட்டா. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள உயிர் போயிருச்சு.”

அவன் தரையைப் பார்த்தான்.

“நல்லா இனிக்குதுன்னு எனக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருந்தா.”