விலை பேசாத வியாபாரி

சேலையைக் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்ட பிறகுதான், தான் செய்த பிழை மர்ஸூக்குக்கு உறைத்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் வாழும் வேலாயி என்ற பெண் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பாதி வெலதான் கேட்டேன். கட்டாதுன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா, நானா?" முஸ்லிம் வியாபாரிகளை அங்கே அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் அழைப்பார்கள்.

"பரவாயில்ல, எடுங்க தங்கச்சி."

அவள் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று லயத்தின் கடைசி அறைப் பக்கம் நடந்தாள்.

உண்மையில் மர்ஸூக் துணி மூட்டை சுமந்து விற்கும் பொட்டணி வியாபாரி அல்லன். சென்னையில் பி.எல். தேறி, இலங்கையின் பதுளையில் தகப்பனாரின் துணிக்கடை மாடியில் அமர்ந்து எம்.எல். பட்டத்துக்குப் படித்துவந்தவன். தோட்டத் தொழிலாளர் சட்டம் அவனுடைய சிறப்புப் பாடம். புத்தகத்தில் உள்ள சட்டம் லயத்தில் எப்படி நடக்கிறது என்று கண்ணால் காண ஆசைப்பட்டான்.

ரயில் பதுளைக்கு இன்னும் வந்திராத காலம் அது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் அனுமதியின்றித் தோட்டத்துக்குள் கால் வைத்தால் குற்றம். நமுனுகுல மலையிலிருந்த அந்தத் தோட்டத்தில் பொட்டணிக்காரருக்கு மட்டும் வழி விட்டிருந்தார்கள். ஆகவே கடையிலிருந்து ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டான்.

அகப்பட்டால், அத்துமீறி நுழைந்ததாக வழக்கு. தண்டனை பெற்றவனுக்குப் பட்டமும் கிடையாது, கறுப்பு அங்கியும் கிடையாது. புலித்தோல் போர்த்திய கழுதையை அதன் குரல் காட்டிக்கொடுத்ததாகக் கதை உண்டு. இவனைக் காட்டிக்கொடுத்தது இவனுடைய தாராளம்.

"வெல பேசாத பொட்டணிக்காரன இந்த மலையில நான் பாத்ததே இல்ல."

மர்ஸூக் திடுக்கிட்டுத் திரும்பினான். கோட்டும் தலைப்பாகையும் கைப்பிரம்புமாக இராமையாக் கங்காணி நின்றிருந்தார். தோட்டத்து ஆள்கள் அத்தனை பேரையும் அடக்கி ஆளும் பெரிய கங்காணி அவர். அவருக்குப் பின்னால் வேலாயி.

"மொத யாவாரம்... ராசியாகட்டுமேண்டு..."

"காலையிலேருந்து எல்லாருக்கும் மொத யாவாரமா? தோட்டத்த விட்டு ஓடினவங்கள என்ன செய்யிறாங்கன்னு லயத்துல கேட்டீங்களாமே. அதுவும் சேல யாவாரந்தானா?"

மர்ஸூக் குனிந்து, விரித்த துணிகளை மூட்டைக்குள் திணிக்கத் தொடங்கினான்.

"சட்டம் படிச்சவரா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமென்று தலையசைத்தான்.

"நெனச்சேன். மூட்ட தூக்கற கழுத்தா இது? நடங்க தொரை பங்களாவுக்கு."

"கங்காணியார், என்ன விட்டுருங்க. இனி இந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்க மாட்டன்."

"நீங்க எங்க வேணும்னாலும் தலைய வச்சுப் படுங்க. இப்ப நடங்க."

கங்காணி துணி மூட்டையைத் தூக்கித் தம் தோளில் போட்டுக்கொண்டார். சாட்சிப் பொருள் என்று மர்ஸூக் எண்ணினான். மழையே இல்லாத அந்த மாலையில் வேலாயி கறுப்புக் கம்பளியை உடல் முழுதும் போர்த்திக்கொண்டு பின்தொடர்ந்தாள். சாட்சியும் ஆயிற்று.

எம்.எல். தேர்வுக்கு மனப்பாடம் செய்த பிரிவுகளில் ஒன்றாவது தன்னைக் காக்குமா என்று நெஞ்சுக்குள் தேடினான். சிறைக்கு அனுப்பும் பிரிவுகளே வரிசையாக நினைவுக்கு வந்தன.

வழியில் காவல்காரன் எழுந்து கும்பிட்டான். "யாருங்க இது?"

"திருட்டு யாவாரி. தொரைகிட்டக் கொண்டு போறேன். இந்தப் பொண்ணு சாட்சி."

"தொரையோட பூட்ஸ் காலுக்கு இன்னைக்கு நல்ல வேல" என்று காவல்காரன் சிரித்தான்.

திருப்பத்தைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. மேலே பங்களா. கீழே தேயிலைக்குள் புகுந்து, ஆள் நடமாட்டமே இல்லாத பள்ளத்தில் இறங்கும் ஒற்றையடித் தடம். கங்காணி கீழே திரும்பினார்.

"பங்களா மேலயல்லோ?"

"பேசாம வாங்க."

துரையிடம் கொண்டுபோனால் வழக்கோடு முடியும். இந்தப் பள்ளத்தில் எதோடு முடியும்? மேலேயிருந்து கொம்பு ஊதும் சத்தம் கேட்டது. ஆள்களை எண்ணி நிறுத்தும் அந்திப் பெரட்டுக்கான அழைப்பு அது. கங்காணி இல்லாமல் அது நடக்காது. அவரோ திரும்பியும் பாராமல், பிரம்பால் அவன் முதுகைத் தொட்டு, "வெரசா, வெரசா" என்றார்.

தோட்டத்தின் எல்லை ஓடை வந்தது. முழங்கால் அளவு நீரில் மூவரும் இறங்கி அக்கரை ஏறினார்கள். இதற்கு மேல் மர்ஸூக்கால் தாங்க முடியவில்லை. அப்படியே கைகூப்பி நின்றான்.

"அடிக்கிறதெண்டா அடிங்க. வழக்கெண்டு கோட்டுக்கு மட்டும் இழுக்க வேணாம். எனக்கு எதிரா நீங்க ஒரு வார்த்த பேசினா என்ட படிப்பே முடிஞ்சுது."

கங்காணி மூட்டையை இறக்கி வைத்தார். தலைப்பாகையை அவிழ்த்தார். வேலாயியின் கம்பளி விலகியது. உள்ளே ஒரு சோற்றுப் பானையும் இரண்டு பழஞ்சேலைகளும் இடுப்போடு கட்டப்பட்டிருந்தன.

"தோட்டத்த விட்டு ஓடினதுக்கு எங்க மேல வழக்கு வரும். நீங்கதாங்க எங்களுக்காகக் கோர்ட்டுல பேசணும். இவ எம் மக. பொழுது சாய இவள பங்களாவுக்கு அனுப்பச் சொன்னான் தொரை."

மர்ஸூக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப என்ன ஏன் புடிச்சீங்க?"

"ஆளப் புடிச்சுக்கிட்டுப் போற கங்காணிய யாருங்க மறிப்பா?"