வளர்மதி இல்லாத முதல் காலை

மனைவியின் அண்ணன் ஆளுயர மாலையோடு ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, இறந்துபோன என் மனைவி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

வாயில் கிளிப்பைக் கவ்வியிருந்தாள். அதனால் உடனே எதுவும் கேட்க முடியவில்லை.

தங்கமாயன் மச்சான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். ஒரு காலில் தோல் செருப்பு. மறுகாலில் பாத்ரூம் செருப்பு.

கொன்றவன் நான்தான்.

கவிதையில்.

டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். எழுதினால் வியர்க்காது என்பதால் இதைப் பிடித்துக்கொண்டேன். காலைக்கு ஒன்று. என்னைப் போன்றவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. விடிந்ததும் தலைப்பு வரும். மதியத்துக்குள் எழுதிப் போட்டுவிட வேண்டும்.

எழுதியதை முதலில் வளர்மதியிடம்தான் காட்டுவேன்.

"ம். நல்லா இருக்குங்க."

எதைக் காட்டினாலும் அதேதான். குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே சொல்வாள். அவளிடமிருந்து ஒரே ஒரு நிஜமான வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

இன்றைய தலைப்பு: இழப்பு.

கைவசம் சரக்கு இல்லை. அப்பாவைப் போன மாதமே எழுதிவிட்டேன். அம்மா அதற்கும் முன்பே ஆயிற்று. எதிர்வீட்டு நாயைக்கூட விட்டுவைக்கவில்லை.

மிச்சம் இருந்தது இவள்.

உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் வறுகடலை கொறித்தபடி அவளைச் சாகடித்தேன். 'வளர்மதி இல்லாத முதல் காலை' என்று தலைப்பும் வைத்தேன். தலைப்பு எனக்கே பிடித்திருந்தது.

அந்த மிதப்பில், கவிஞர்கள் குழுவில் போட வேண்டியதை அவள் பிறந்த வீட்டுக் குழுவில் போட்டுவிட்டேன்.

உடனே அழித்திருக்கலாம்.

அழிக்கத்தான் போனேன். அதற்குள் அவளுடைய சித்தி ஒரு கைகூப்பு போட்டுவிட்டாள். பிறகு அழுகிற முகங்கள். வரிசையாக. அந்தக் குழுவில் என் கவிதைக்கு அதுவரை யாரும் கட்டைவிரல்கூடக் காட்டியதில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. தங்கமாயன் மச்சான். அவர் கவிதையைப் பற்றிப் பேசுகிற ஆள் இல்லை. எடுக்கவில்லை. வளர்மதியின் போன் படுக்கையறையில் சத்தமில்லாமல் சார்ஜில் கிடந்தது.

கொஞ்ச நேரம்தான்.

மச்சான் ஊர் நிலக்கோட்டையிலிருந்து ஒரு பஸ் வந்து சேருகிற நேரம்.

வளர்மதி கிளிப்பைத் துப்பிவிட்டு ஓடினாள்.

"என்னண்ணே? யாருக்கு மாலை?"

அவர் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முழங்கை. பிறகு கன்னம். அதன் பிறகுதான் அழுகை வந்தது. சம்பங்கி மாலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தெருவே எட்டிப் பார்க்கும்படி அழுதார்.

"அழாதண்ணே. எனக்கு ஒண்ணுமில்லண்ணே. இந்தா இருக்கேன்ல."

ஆட்டோக்காரர் மட்டும் என்னைப் பார்த்தார்.

ஒருவழியாக மச்சான் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன் மாப்ள, இவ தலையில காக்கா கீக்கா தட்டிருச்சா?"

காகம் தலையில் தட்டினால், தட்டு வாங்கியவர் இறந்துவிட்டதாகச் சொந்தக்காரர்களுக்குப் பொய்ச்சேதி அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர்கள் நிஜமென்று நம்பி அழ வேண்டும். அழுதால் தோஷம் போய்விடும்.

தப்பித்தேன்.

"ஆமா மச்சான். நேத்து. மொட்டை மாடியில."

வளர்மதி என்னைப் பார்த்தாள். எந்தக் காக்கா என்று கேட்கவில்லை.

"அதுக்கு இம்புட்டு நீளமாவா எழுதுவீங்க? போயிட்டான்னு ஒத்த வார்த்தை போட்டா நாங்க அழ மாட்டமா?"

துக்கம் கேட்க வந்தவருக்கு இறந்தவளே காபி ஆற்றிக் கொடுத்தாள்.

சாவுக்கு வாங்கிய மாலையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அவர் அதை விட்டுவிட்டுக் கிளம்பினார். கேட்டுவரை போனவர் திரும்பி வந்து அவள் உச்சந்தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். துக்க வீட்டில் யாரும் சொல்லாத ஒன்றை, வேண்டுமென்றே உரக்கச் சொன்னார்.

"போயிட்டு வாரேன் தாயி."

மாலையை வைக்க இடமில்லை. நான் எழுதுகிற மேசையில் கிடத்தினாள். மேசை நிறைந்துவிட்டது.

பிறகு போனைச் சார்ஜிலிருந்து பிடுங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

இரவில் ஊற்றிய உறைமோர்
விடிந்ததும் தயிராகியிருக்கிறது.
ஊற்றியவள் இல்லை.

அதற்குக் கீழே இன்னும் நிறைய இருந்தது. கரை உடைந்த நதியானேன். நிலா தொலைத்த வானமானேன். திரி கருகிய தீபமானேன். விரலால் தள்ளத் தள்ள நான் என்னென்னவோ ஆகிக்கொண்டே போனேன்.

அவள் கடைசிவரை படித்தாள். மறுபடி மேலே போய் ஆரம்பத்திலிருந்து படித்தாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"எப்படி இருக்கு?" என்று வந்துவிட்டது.

அடுப்பில் குக்கர் இல்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"தயிரோட நிறுத்தியிருக்கணும். அதுக்குக் கீழ நான் எங்கயும் இல்ல. பூரா நீங்கதான் இருக்கீங்க."