கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

எஸ்டேட் முதலாளியின் தாத்தா லண்டனிலிருந்து கப்பலில் வரவழைத்த கார் அது. டிரைவருக்கும் பின்சீட்டுக்கும் நடுவே தடித்த கண்ணாடி. பின்னால் பேசுவது முன்னால் கேட்காது என்பது அதைச் செய்த கம்பெனியின் பரம்பரைப் பெருமை. மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் இருதயசாமி தலைக்கு மேலிருந்த, பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்தார். முதலாளி தன் மனைவி பூங்கோதையின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார். அவள் வாய் திறந்திருந்தது, சத்தமே இல்லை. இருதயசாமி வண்டியை நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டு ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தார். பூங்கோதை இருமிக்கொண்டே வெளியே விழுந்தாள்.

"அவளை ஏத்து. வண்டியை எடு," என்றார் முதலாளி நிதானமாக.

"அண்ணா, வேண்டாம்ணா," என்று அவள் இருதயசாமியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினெட்டு வருடமாக முதலாளியின் குரலுக்கு மறுபேச்சு பேசாதவர் இருதயசாமி. சாவியைப் பள்ளத்தில் வீசினார். முதலாளி மெதுவாக ஒரு காலை வெளியே வைத்தார்.