தைலம் பூசிய கை

ஆய்வுக்கூட மேசையில், சின்னக் குழாய்களுக்குள், தலை மட்டும் வெளியே தெரிய, தேனீக்கள் அடைபட்டிருந்தன. கிராம்பு வாசம் காட்டிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பழக்கினால், அப்புறம் வாசத்துக்கே நாக்கை நீட்டும். அப்படிக் கற்றுக்கொண்டவற்றைத்தான், பாவம், ஐஸ்கட்டியில் கிடத்தி மூளையை அறுத்துப் பார்க்க வேண்டும். எஸ்தர் இன்று கிராம்பைத் திறக்கவே இல்லை. அவள் கை கிட்டே வந்ததுமே எல்லாம் நாக்கை நீட்டிவிட்டன.

“கையில என்னடி?” என்றாள் கூட ஆராய்ச்சி செய்யும் பர்வீன்.

“தைலம். கழுத்து வலி, தினமும் பூசிட்டுத்தான் வரேன்.”

“போச்சு! கிராம்பை விட்டுட்டு உன்னைப் படிச்சிருக்குங்க. சரி, எதையோ படிச்சிருச்சுல்ல, அறு.”

எஸ்தர் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

“எத்தனை தடவைடி கழுவுவ?”

“அதுங்களுக்கு என்னைத் தெரியக்கூடாது.”

ஐஸ்கட்டித் தட்டோடு திரும்பி வந்தாள். ஓரத்துத் தேனீ ஒன்று, கொஞ்சம் தயங்கி, நாக்கை நீட்டியது.